நான்கு நிலத்து மண்ணை ஒரே பையில் போடலாமா?

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில் எங்கள் ஊர். அப்பா காலமான பிறகு நடந்த பாகப் பிரிவினையில் என் பங்குக்கு ஏழரை ஏக்கர் வந்தது. ஒன்றரை ஏக்கர் கிணற்றுத் தோட்டம். வாழையும் மஞ்சளும் மாறி மாறி வைத்தது, அதில் ஒரு மூலை தாத்தா காலத்தில் வெற்றிலைக் கொடிக்கால். இரண்டு ஏக்கர் தென்னை. மூன்று ஏக்கர் கொரங்காடு, உழாமல் விட்ட மேய்ச்சல் காடு. ஆற்றோரம் ஒரு ஏக்கர், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணீர் வந்த காலத்தில் விட்டது விட்டதுதான், சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மண் எடுத்துக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை 8.4, மின்கடத்தும் திறன் (மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டுவது) 0.9, அங்ககக் கரிமம் 0.61, மணிச்சத்தும் (பாஸ்பேட்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) அதிகம் என்று மண்வள அட்டை வந்திருக்கிறது. உரக்கடைக்காரர் ‘தங்கமான மண்’ என்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ‘சாயத்தண்ணி பாஞ்ச பூமி, மொத்தமும் விஷம்’ என்கிறார். கோவையில் ஒரு கடைக்குக் கீரையும் காய்கறியும் விளைவித்துக் கொடுக்க ஆசை. அண்ணன் கொரங்காட்டை உழுது தென்னை வைக்கச் சொல்கிறார். பல்லடத்திலிருந்து கோழி எரு லாரியில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம். அட்டையைப் பார்த்தால் உரக்கடைக்காரர் சொல்வது சரி. ஆற்றை நினைத்தால் உங்கள் பெரியப்பா சொல்வது சரி. ஆனால் கையில் இருக்கும் இந்த அட்டையை வைத்து இரண்டில் எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கு நிலத்து மண்ணையும் கலந்துவிட்டீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொரங்காட்டின் மின்கடத்தும் திறன் 0.2, தென்னை 0.4, தோட்டம் 0.6, ஆற்றோரம் 2.4 என்று வைத்துக்கொள்வோம். சமமாகக் கலந்தால் வருவது 0.9. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் அட்டையில் ‘நல்லது’ என்று விழும். ஆற்றோரத்து ஏக்கர் தனியாகப் போயிருந்தால் விதை முளைப்பதே சந்தேகம் என்று எழுதியிருப்பார்கள். மணிச்சத்தும் அப்படித்தான். தோட்டத்தில் தேவைக்கு மேல் குவிந்திருக்கும், கொரங்காட்டில் அநேகமாகப் பற்றாக்குறை. கலந்ததும் ‘அதிகம்’ என்று வந்துவிட்டது. உங்களிடம் இல்லாத ஐந்தாவது நிலம் ஒன்றின் அட்டை அது.

இன்னொன்று. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பார்ப்பது பன்னிரண்டு: தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம். பயிருக்கு என்ன போடலாம் என்று சொல்வதற்கு இது போதும். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் இந்தப் பட்டியலில் இல்லை. பழைய பூச்சிமருந்து எச்சம் இல்லை. உங்கள் பக்கத்துக்கு மிக முக்கியமான சோடியம்கூட இல்லை. துத்தநாகமும் செம்பும் இருந்தாலும், பயிருக்குப் போதுமா என்ற கேள்விக்காகத்தான் பார்க்கிறார்கள். வளமா என்பது ஒரு கேள்வி, மாசா என்பது வேறு கேள்வி. வளமும் மாசும் ஒரே வழியில் வந்து சேர்ந்திருக்கும் நிலங்கள் நிறைய உண்டு. உங்கள் தோட்டம் அதில் ஒன்றாக இருக்கலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு நிலத்திலும் மிக அதிகமாக வெளிப்பொருள் வந்து சேர்ந்தது இந்த ஒன்றரை ஏக்கரில்தான். கிணற்றுநீர், டி.ஏ.பி. (தழை, மணிச்சத்து உரம்), பொட்டாஷ், எரு, பூச்சிமருந்து எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே வந்திருக்கிறது, அறுவடையில் வெளியே போனது அதில் ஒரு பகுதி. வாழைக்கும் மஞ்சளுக்கும் போட்ட மணிச்சத்தில் பயிர் எடுத்தது கொஞ்சம். மிச்சத்தை உங்கள் பகுதியின் சுண்ணாம்பு மண் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அட்டையில் ‘அதிகம்’. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மணிச்சத்து மிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் எட்டாமல் போகும். இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அப்போது கடையில் துத்தநாக சல்பேட் விற்பார்கள், கூடவே அதே பழைய டி.ஏ.பி. மூட்டையையும்.

பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே கொஞ்சம் காட்மியம் இருக்கும், சுரங்கத்துக்குச் சுரங்கம் அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் காட்மியம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த உச்ச அளவையே எடுத்துக்கொண்டாலும் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் இருப்பது 1.4 கிராமுக்குள். ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு மூட்டை, நாற்பது ஆண்டு என்று கணக்கிட்டால் சுமார் 220 கிராம். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோ. ஆகக் கூடியது கிலோவுக்குக் கால் மில்லிகிராம். கழிவுச் சேறு போடும் வயல்களுக்கு ஐரோப்பாவில் வைத்த உச்சவரம்பு 1 முதல் 3 மில்லிகிராம். எனவே ‘மொத்தமும் விஷம்’ என்று ஓட வேண்டிய அளவு உரத்தால் மட்டும் வந்திருக்காது. ஆனால் இது வந்தால் போகாத சரக்கு. உப்பை மழை கழுவும், பூச்சிமருந்தை நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைக்கும், உலோகம் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

உப்புத்தண்ணீர் இந்தக் கணக்கையே மாற்றிவிடும். தண்ணீரில் குளோரைடு மிகுந்தால் அது காட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைய வைக்கிறது, வேர் எளிதில் எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கில் காட்மியம் கூடியபோது மண்ணில் இருந்த காட்மியத்தைவிடப் பாசனநீரின் உப்புதான் பெரிய காரணம் என்று கண்டார்கள். துத்தநாகம் குறைந்த மண்ணில் பயிர் காட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும் என்பதும் தெரிந்த செய்தி. ஆக, மிஞ்சிய மணிச்சத்து, குறைந்த துத்தநாகம், உப்புத்தண்ணீர் மூன்றும் ஒரே தோட்டத்தில் சேர்ந்தால், குறைந்த அளவு காட்மியம்கூட கீரைக்கு ஏறும். நீங்கள் கீரை போட நினைப்பது அநேகமாக இந்தத் தோட்டத்தில்தான், இல்லையா?

கொடிக்கால் இருந்த மூலையைத் தனியாகப் பாருங்கள். வெற்றிலையில் வாடல் நோய்க்கு மழைக்காலம் முழுக்க போர்டோ கலவை ஊற்றியிருப்பார்கள். ஒரு சதக் கலவை 100 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. அந்த ஒரு கிலோ மயில்துத்தத்தில் கால் கிலோ செம்பு. கால் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஆயிரம் லிட்டர் ஊற்றியிருந்தால் இரண்டரை கிலோ செம்பு மண்ணில் சேர்ந்திருக்கும். பதினைந்து ஆண்டு தொடர்ந்தால் மண்ணில் கிலோவுக்கு 160 மில்லிகிராமுக்கு மேல் கூடியிருக்கும். முன்பு சொன்ன அதே ஐரோப்பிய வரம்பு செம்புக்கு 50 முதல் 140. பயப்படச் சொல்லவில்லை. செம்பு மனிதரைத் தாக்கும் முன் பயிரின் வேரைத்தான் தாக்கும், உங்கள் சுண்ணாம்பு மண்ணில் அதுகூடச் சட்டென்று தெரியாது. மண்புழுவுக்குத்தான் முதலில் தெரியும். மழைக்குப் பிறகு அந்த மூலையில் ஒரு மண்வெட்டி, பக்கத்துப் பாத்தியில் ஒரு மண்வெட்டி வெட்டிப் போட்டுப் புழுவை எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஆய்வகத்தில் மொத்தச் செம்பு அளக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் அங்கே பருத்தி போட்டதுண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். டி.டி.டி. பூச்சிமருந்தை வயலில் பயன்படுத்தத் தடை வந்தது 1989-ல், பி.எச்.சி. பொடிக்கு 1997-ல், எண்டோசல்பானுக்கு 2011-ல். பழைய பருத்திக் காடுகளில் டி.டி.டி.யின் மிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம். பெரும்பாலான காய்கள் அதை எடுப்பதில்லை, ஆனால் பூசணிக் குடும்பத்தில் சில வகைகள் வேர் வழியாக இழுத்துக்கொள்ளும். பருத்தி போட்ட இடம் என்று தெரிந்தால் முதல் போகத்தில் பூசணி, சுரை வகைகளைத் தவிர்த்துவிட்டு வெண்டையோ கத்தரியோ போடுங்கள்.

கோழி எருவையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். வேண்டாம். நல்ல எருதான், தொழு எருவைவிடப் பல மடங்கு சத்து. ஆனால் அதில் தழைச்சத்துக்கு ஏறக்குறைய சமமாக மணிச்சத்தும் இருக்கிறது, உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே மிஞ்சிக் கிடப்பதும் அதுதான். கோழித் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் உப்பும் சேர்ப்பார்கள், பெரும்பகுதி எச்சத்தில் வந்துவிடும். மட்காத கோழி எருவை லாரிக் கணக்கில் கொட்டினால் நைட்ரேட் கிணற்றில் இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கிணற்றுநீரைக் குடிக்கும் வீடுகளில் கைக்குழந்தை இருந்தால் இது விளையாட்டில்லை. சத்தே இல்லாத மானாவாரிக் காடாக இருந்திருந்தால் மட்கவைத்து அளவாகப் போடச் சொல்லியிருப்பேன். மஞ்சளுக்குப் பதில் கொஞ்ச காலம் சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தழைச்சத்து கிடைக்கும், மணிச்சத்து கூடாது.

சொந்தக்காரர்களும் சந்தைக்காரர்களும் மஞ்சளில் ஈயம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த ஈயத்துக்கு மண்ணைக் குறை சொல்லாதீர்கள். மஞ்சளில் வரம்பு மீறி ஈயம் வருவதற்கு முக்கியக் காரணம் மெருகேற்றும்போது நிறத்துக்காகச் சேர்க்கும் ஈயக் குரோமேட்.

ஆற்றோரத்து ஏக்கருக்கு வருவோம். ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறந்தது. சில ஆண்டுகளிலேயே ‘தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்’ என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலைக்கு வந்தது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. இந்தக் கதையில் நிறம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. மண்ணைக் கெடுத்தது முக்கியமாக உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ போட வேண்டும். துணி அதை எடுத்துக்கொள்வதே இல்லை, போட்டது முழுக்க வெளியே வரும். சில சாயங்களில் செம்பும் குரோமியமும் உண்டு. மேலே கோவை நகரத்துச் சாக்கடையும் முலாம் பூசும் பட்டறைகளின் கழிவும் ஆற்றில் சேர்ந்ததும் உண்மை. எனவே உலோகத்தையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் முதல் எதிரி சோடியம்.

உப்பு நிலத்தில் இரண்டு விதம். வெள்ளையாகப் பூத்து, காலடியில் பொரபொரவென்று இருப்பது உவர். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நின்று, காய்ந்தால் பாறை மாதிரி இறுகி, மேலே கருத்த தோல் படிவது களர். உவருக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். களருக்கு மருந்து ஜிப்சம். கடைக்காரர் இரண்டுக்கும் ஜிப்சம் கொடுப்பார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, கண்ணாடி டம்ளரில் மழைநீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ எடுத்து, மெதுவாக உள்ளே விடுங்கள். கிணற்றுநீர் கூடாது. ஆட்டாமல் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல் கலங்கினால் சோடியம் மண்துகள்களைப் பிரித்துவிட்டது, களர். கட்டி சரிந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் களர் இல்லை, அல்லது உப்பு மிக அதிகமாக இருந்து கலங்கலைத் தடுக்கிறது. இந்த இரண்டாவதில்தான் ஏமாந்துபோவார்கள். உப்பும் சோடியமும் சேர்ந்து இருக்கும் நிலத்தை ஜிப்சம் இல்லாமல் வெறும் தண்ணீரால் கழுவினால், உப்பு போய் சோடியம் நின்று, உவராக இருந்தது களராகிவிடும். தெளிவாக இருந்த மண்ணை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு மறுபடி காயவைத்து அதே சோதனையைச் செய்து பாருங்கள்.

கழுவும் முன் இன்னொரு கேள்வி: உப்பு எங்கே போகும்? ஆற்றோரத்துக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் என்றால், ஒரு ஏக்கரைத் திருத்தப் போய் ஒன்றரை ஏக்கரின் கிணற்றைக் கெடுத்துக்கொள்வீர்கள். என்னைக் கேட்டால் அந்த ஏக்கரை இப்போது தொடாதீர்கள். சீமைக் கருவேலத்தை எடுப்பதென்றால் எடுத்த கையோடு புங்கமோ வேம்போ வையுங்கள், வெறும் தரையாக விடாதீர்கள். நிழலில்லாத தரையில் வெயில் நிலத்தடி உப்பை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆட்டை அங்கே மேய விடவும் வேண்டாம். குட்டைப் புல்லை மேயும் ஆடு புல்லோடு மண்ணையும் தின்னும்.

கன உலோகத்தை உறிஞ்சி எடுக்கும் செடி என்று யாராவது நாற்று விற்க வந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மண்ணில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் காட்மியம் என்றால் ஏக்கருக்கு 900 கிராம். உலர்ந்த எடையில் நான்கு டன் விளையும் செடி, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் எடுத்தால் ஆண்டுக்கு நான்கு கிராம். பாதியை எடுக்கவே நூறு ஆண்டுக்கு மேல் ஆகும், வெட்டிய செடியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது அதன் பிறகு வரும் தலைவலி.

உங்கள் மண்ணில் ஒரு நல்லதும் இருக்கிறது. 8.4 கார நிலையில், சுண்ணாம்பு உள்ள மண்ணில், ஈயம், செம்பு, நிக்கல் எல்லாம் இறுகப் பிடிபட்டுக் கிடக்கும், பயிருக்கு எளிதில் ஏறாது. விதிவிலக்கு ஆறு இணைதிறன் குரோமியம், அது கார மண்ணிலும் தண்ணீரோடு நகரும். எனவே குரோமியத்தை மண்ணில் மட்டும் பார்த்தால் போதாது, கிணற்றுநீரிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிணறு என்றதும், உண்மையில் மண் பரிசோதனைக்கு முன் செய்ய வேண்டியது தண்ணீர்ப் பரிசோதனை. ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர். லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு உள்ள தண்ணீர் என்றால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 150 கிலோ உப்பு, அதாவது மூன்று மூட்டை. இரண்டு அங்குலமாக இருபது தண்ணீர் கட்டினால் ஆறு டன். எவ்வளவு நல்ல எருவைப் போட்டாலும் இந்த ஆறு டன்னுக்கு ஈடு கட்ட முடியாது. சாயப்பட்டறைக் கழிவு நின்று இத்தனை ஆண்டாகியும் உங்கள் பக்கத்தில் பல கிணறுகளில் உப்பு குறையவில்லை. சித்திரையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் ஒரு முறை தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். மின்கடத்தும் திறன், சோடியம் ஈர்ப்பு விகிதம், எஞ்சிய சோடியம் கார்பனேட், குளோரைடு, நைட்ரேட் ஐந்தும் கேளுங்கள். மின்கடத்தும் திறன் 2.25-க்கு மேல் இருந்தால் கீரை, பீன்ஸ், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். இவை உப்பைத் தாங்காத பயிர்கள். பருத்தி நன்றாகத் தாங்கும், தென்னை ஓரளவு தாங்கும். சொட்டுநீர் போட்டால் உப்பு ஈரத்தின் விளிம்பில் வளையமாகச் சேரும். கோடை மழை இலேசாகத் தூறும்போது அந்த உப்பு வேருக்குத் திரும்பி ஓடும், அன்றைக்குச் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

தென்னைக்குப் பெரிதாகக் கவலை வேண்டாம். கன உலோகம் தேங்காய்ப் பருப்பு வரை ஏறுவது மிகக் குறைவு. ஆனால் ஒரே தோப்பில் இரண்டு விதமான மண் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்ற பரிந்துரைப்படி போட்டிருந்தால், 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், சூப்பர் மட்டுமே 140 கிலோ. அது முழுவதும் விழுந்தது மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்திகளில், மொத்தப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில். பாத்தி மண்ணும் மர இடைவெளி மண்ணும் தனித்தனி மாதிரியாகப் போக வேண்டும். இடைவெளி மண் நன்றாக வந்து, தண்ணீரும் கை கொடுத்தால், உங்கள் காய்கறிக்கு நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான். வேர் வழியாகப் பூச்சிமருந்து கட்டும் பழக்கம் அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் அதை நிறுத்திய பிறகே ஊடுபயிர்.

கொரங்காட்டை உழாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அட்டை தனியாக எடுத்தால் தழையும் மணியும் ‘குறைவு’ என்றுதான் வரும், அண்ணன் அதைக் காட்டிச் ‘சத்தில்லாத பூமி’ என்பார். கொழுக்கட்டைப்புல்லுக்கும் வெள்வேலுக்கும் அந்தக் குறைவு போதும். உரம் போடாத, கிணற்றுநீர் பாயாத, மருந்து அடிக்காத நிலம் உங்களிடம் அது ஒன்றுதான். ஆடுமாடு தின்றதை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது, உள்ளே வரும் பொருள் மழை மட்டும். உழுதால் புல்வேர் இத்தனை காலம் சேர்த்த கரிமம் சில ஆண்டுகளில் கரைந்துபோகும், முள்கிளுவை வேலிக்குள் நிற்கும் மேல்மண் காற்றில் போகும், கீழே வருவது சரளை. பிறகு தென்னைக்குத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் அதே கிணற்றிலிருந்து, மூட்டைக் கணக்கில் உப்போடு. சுத்தமாக இருக்கும் மூன்று ஏக்கரை அப்படிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். குட்டி விற்ற காசு தேங்காய்க் காசை எட்டாது என்பது அவர் வாதமாக இருக்கும். போர் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இனி மண் எடுக்கும் முறை. தோட்டம், கொடிக்கால் மூலை, தென்னைப் பாத்தி, தென்னை இடைவெளி, கொரங்காடு, ஆற்றோரம் என்று ஆறு இடம், தனித்தனிப் பை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, வெட்டிய பக்கத்திலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மேலிருந்து கீழ்வரை சுரண்டி எடுங்கள். வாழை, மஞ்சள், காய்கறி நிலத்தில் முக்கால் அடி ஆழம், கொரங்காட்டில் அரையடி. தென்னையில் ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று மூன்று அடுக்கு. ஆற்றோரத்திலும் மேல் அரையடி, அடுத்த அரையடி, அதற்கும் கீழே ஓரடி என்று பிரித்தே எடுங்கள், உப்பு எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வரப்போரம், எருக்குப்பை இருந்த இடம், மர நிழல், பட்டி போட்ட இடம் வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் மண்ணைப் போட்டால் துத்தநாகக் கணக்கு பொய்யாகும், பிளாஸ்டிக் வாளியும் மரக்குச்சியும் போதும். நிழலில் உலர்த்தி, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்.

எல்லாப் பைக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்து காசைக் கரைக்க வேண்டாம். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் வழக்கமான பன்னிரண்டும் ஆறு இடத்துக்கும் எடுங்கள். ஆற்றோரத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும் மாற்றுச் சோடியம் சதவீதமும் ஜிப்சம் தேவையும் கேளுங்கள். சோடியம் சதவீதம் பதினைந்துக்கு மேல் வந்தால் களர். இந்த இரண்டு இடத்துக்கும் கொடிக்கால் மூலைக்கும் காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல், செம்பு ஐந்தும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில். ‘மொத்த அளவு’, ‘பயிர் எடுக்கும் அளவு’ இரண்டையும் தனித்தனியாகத் தரச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடியாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் துறையில் வழி கேட்டால் சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை: உவர் நிலத்தின் மின்கடத்தும் திறனுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் ‘4’ என்ற எல்லை மண்ணைக் குழம்பாகப் பிசைந்து எடுத்த சாற்றுக்கு. அட்டைக்காரர்கள் தண்ணீரில் கரைத்து அளப்பது வேறு முறை, அதில் ஒன்றுக்குள் நல்லது, மூன்றுக்கு மேல் கேடு என்பதுதான் எல்லை. ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிட்டு ஆறுதல் அடையாதீர்கள்.

கடைக்குக் கொடுக்கும் கீரை பற்றி. உலோகம் ஏறுவதில் இலைக்கீரை முன்னால் நிற்கும், அடுத்துக் கிழங்கும் வேரும், பிறகுதான் காயும் தானியமும். ஆகவே முடிவுகள் வரும்வரை வெண்டை, கத்தரி, அவரை, தக்காளியோடு தொடங்கலாம், தண்ணீர் இடம் கொடுத்தால். கீரை போட்டே ஆக வேண்டும் என்றால் முதல் அறுவடையில் ஒரு கட்டுக் கீரையை நன்றாகக் கழுவி உணவு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இலைக்கீரையில் காட்மியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு வரம்பு. அங்ககச் சான்று வாங்கப் போவதாகவும் இருக்கலாம். அது நீங்கள் இனி என்ன போடுகிறீர்கள் என்பதைப் பார்க்கும் சான்று. தாத்தா போட்டதையும் ஆறு கொண்டுவந்ததையும் அது கழுவாது.

ஏரி வண்டல் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது டிராக்டரில் கொண்டுவந்தால், எந்த ஏரி என்று கேளுங்கள். மழைநீர் மட்டும் வந்த குளத்து வண்டல் என்றால் தோட்டத்துக்கு நல்லது. நொய்யல் தண்ணீர் நின்ற குளம் என்றாலோ அணை வண்டல் என்றாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள். ‘நகரக் குப்பை உரம்’ வாங்கினால் மூட்டையோடு பரிசோதனைத் தாள் கேளுங்கள், உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்குக் காட்மியம் 5, ஈயம் 100, குரோமியம் 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் மூட்டையும் வேண்டாம்.

தண்ணீர் முடிவு முதலில் வரும், அதை வந்ததும் அனுப்புங்கள். மண் முடிவுகளோடு கிணற்றுக்கும் ஆற்றோரத்துக்கும் உள்ள தூரம், கிணற்றின் ஆழம், சித்திரையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் எழுதினால் ஜிப்சம் கணக்கையும் தென்னையின் உர அளவையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.